காற்று இல்லாத தெரு

ஜூன் 3

அக்காவுக்கு,

இது நலம் விசாரிக்கும் கடிதம் இல்லை. போன் செய்திருக்கலாமே என்று நினைப்பாய். போனில் எனக்கு வாய் வராது என்று உனக்குத் தெரியும். நீ நான்கு வார்த்தை பேசுவாய், நான் ‘ம்’ என்பேன், நீ வைத்துவிடுவாய். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

அப்பா மாட்டிய கூரை பறந்துவிட்டது. நம் தெருக் கோடியில் இருக்கும் தையல் கூடத்தின் மாடிக் கூரை. மே 15, மதியம் இரண்டரை மணி. மொத்தம் பதினொரு தகரம். பத்து வெளியே போய் விழுந்தது. ஒன்று உள்ளே விழுந்தது, காஜா அக்கா மேல். சட்டைக்குக் காஜா அடிக்கும் மெஷினில் உட்காருபவர் அவர். நீ வீட்டை விட்டுப் போன பிறகு வேலைக்கு வந்தவர் என்பதால் உனக்குத் தெரியாது. தோள்பட்டை எலும்பு உடைந்தது, அது சேர்ந்துவிடும் என்கிறார்கள். வலது கையில் மூன்று விரல் மடங்கவில்லை. அது மடங்குமா என்று கேட்டால் டாக்டர் ஜன்னலைப் பார்க்கிறார்.

இதை உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அப்பா சொல்லியிருந்தார். நானும் சொல்லவில்லை. நேற்று வரைக்கும்.

நேற்று நகராட்சிப் பொறியாளர் வீட்டுக்கு வந்தார். நம் சாப்பாட்டு மேசையில் ஒரு பெரிய வரைபடத்தை விரித்தார். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கட்டம் கட்டமாக ஊர் முழுக்க வண்ணம். பேனா மூடியால் நம் தெருவைத் தட்டிக் காட்டினார்.

“இங்க பாருங்க, உங்க தெரு பச்சை. பச்சைன்னா காத்து அடங்கின இடம். அன்னைக்கு விமான நிலையத்துல மணிக்கு நூறு கிலோமீட்டர் அடிச்சுது. அதுக்கு இங்க அம்பத்தஞ்சுதான் வரும். அம்பத்தஞ்சுக்கே ஒரு கூரை பறக்குதுன்னா போல்ட்டை முறுக்கலைன்னு அர்த்தம். வேற என்ன?”

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். வரைபடத்தின் கீழே, தயாரித்தவர்கள் என்று மூன்று பெயர் இருந்தது. மூன்றாவது உன் பெயர். அப்பா அதன்மேல் விரலை வைத்தார். உடனே சூடு பட்டதுபோல எடுத்துக்கொண்டார். பொறியாளருக்கு அது யார் என்று தெரியாது. அப்பாவும் சொல்லவில்லை.

ஜூலை 4 விசாரணை. குற்றம் அப்பா மேல் என்று முடிவானால் கூரை மாட்டும் உரிமத்தைப் பறித்துவிடுவார்கள். இருபத்தெட்டு வருடமாக அவர் செய்தது அந்த ஒரு வேலைதான். அதைவிட, ஒருத்தியின் கையை முடமாக்கியவர் என்று இந்தத் தெருவில் நடக்க வேண்டும்.

அன்றைக்குக் காற்று அடித்தபோது நான் இங்கேதான் இருந்தேன். நீ எங்கே இருந்தாய்? எங்கே உட்கார்ந்துகொண்டு நம் தெருவில் காற்று இல்லை என்று எழுதினாய்? அது தப்பு என்று எழுதி அனுப்பு. வேறெதுவும் எழுத வேண்டாம்.

உன் தங்கை


ஜூன் 8

அன்புள்ள ரேடியோவுக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். பக்கத்து மேசையில் இருப்பவர் “வீட்ல ஏதாவது பிரச்சினையா?” என்று கேட்கும் அளவுக்கு என் முகம் இருந்திருக்கிறது.

அப்பா எனக்குச் சொல்லாதது வருத்தம்தான். ஆனால் நீ கேட்பது என்ன என்று உனக்குப் புரிகிறதா? ஒரு தெருவுக்காக ஒரு வரைபடத்தைத் தப்பு என்று எழுதித் தர முடியாது.

அது எப்படித் தயாராகிறது என்று சொல்கிறேன். செயற்கைக்கோள் மேலிருந்து ரேடார் அலையை அனுப்பி உயரத்தை அளக்கிறது. கூரை எது, தரை எது என்று அதற்குத் தெரியாது. மேலே எது இருக்கிறதோ அதன் உயரம் வரும். அதிலிருந்து தரையின் உயரத்தைக் கழித்தால் மிஞ்சுவது கட்டடங்கள். ஊரை முப்பது மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு உயரம், எவ்வளவு நெருக்கம், எவ்வளவு ஏற்ற இறக்கம் என்று பார்க்கிறோம். அதுதான் ஊரின் சொரசொரப்பு. வழுவழுப்பான இடத்தில் காற்று தடையில்லாமல் ஓடும். சொரசொரப்பான இடத்தில் உரசி உரசி வேகம் குறையும். உங்கள் தெருவுக்குக் கிழக்கே உயரமான கட்டடத் தொகுதி ஒன்று இருக்கிறது. தண்ணீர்ப் பக்கமிருந்து வரும் காற்றை அது தடுக்கிறது. அதனால்தான் பச்சை. இதில் என் சொந்தக் கருத்து எதுவும் இல்லை.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். நகராட்சி எங்கள் அலுவலகத்தின் கருத்தைக் கேட்டு, கீழிருந்து எடுத்த விசாரணைப் புகைப்படங்களை அனுப்பியிருந்தது. எந்த ஊர் என்று பார்க்காமலேயே போன வாரம் திறந்து பார்த்தேன். ஓரத்துச் சட்டத்தில், தகரத்தின் நெளிவில் ஒரு மேடு விட்டு ஒரு மேட்டுக்குத்தான் போல்ட் போட்டிருக்கிறது. விதிப்படி அது போதும். ஆனால் அப்பா ஓரத்தில் ஒவ்வொரு மேட்டுக்கும் போடுவார். சின்ன வயதில் கீழே நின்று எண்ணியிருக்கிறேன். இந்த முறை ஏன் விட்டார்? அவருக்குக் கண் சரியாகத் தெரிகிறதா? முட்டி வலியோடு ஏறினாரா? கை தளர்ந்துபோய் முறுக்காமல் விட்டிருக்கலாம் என்பதை நீயும் நானும் யோசித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

கோபப்படாதே. இதெல்லாம் உனக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆகும்.

அக்கா


ஜூன் 12

அக்கா,

நம் தெரு உனக்கு ‘உங்கள் தெரு’ ஆகிவிட்டது. நல்லது.

அப்பாவுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. போன வாரம் என் சட்டையில் ஒரு தையல் விட்டுப்போனதை வாசலிலிருந்தே பார்த்துச் சொன்னார். கையும் தளரவில்லை. நீ கடைசியாக அந்தக் கையைப் பார்த்து மூன்று வருடம் ஆகிறது.

எனக்குப் புரிய நாளாகும் என்கிறாய். இதை நீ முன்பும் சொல்லியிருக்கிறாய். ஒன்பதாம் வகுப்பில் என்னை எழுந்து வாசிக்கச் சொன்னார்கள், எனக்குக் குரல் வரவில்லை. ஒரு வாரம் தினமும் நிற்க வைத்தார்கள். அப்பா உனக்குப் போன் செய்து என்ன செய்யலாம் என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். “அவளுக்குப் படிப்பு வராதுப்பா, விட்டுடுங்க” என்றாய். நீ வந்து என்னைப் பார்க்கவில்லை. என் நோட்டைப் பார்க்கவில்லை. நீ கணக்கு மேதை, நீ சொன்னால் சரியாக இருக்கும் என்று அப்பா விட்டுவிட்டார். என் படிப்பு உன் ஒரு வரியில் முடிந்தது.

இனி என்னை ரேடியோ என்று கூப்பிடாதே. பேசாத பிள்ளைக்கு ரேடியோ என்று பேர் வைத்துவிட்டு நீ மட்டும் சிரித்தாய்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். காஜா அக்கா இடது கையால் தலை வாரப் பழகிக்கொண்டிருந்தார். “உங்கப்பா தினமும் வந்து கதவுகிட்டயே நின்னுட்டுப் போறாரு. உள்ள வரச் சொல்லு, நான் என்ன கடிச்சா தின்னுருவேன்” என்றார். சீப்பை வாங்கி மீதியை நான் வாரிவிட்டேன்.

காற்று இல்லை என்கிறாயே, அன்று நடந்ததைச் சொல்கிறேன். நான் தெருவுக்குக் கிழக்கே இருக்கும் கன்டெய்னர் யார்டில், கேட் பக்கத்துக் கூண்டில் உட்கார்ந்திருந்தேன். எத்தனை பெட்டி உள்ளே வந்தது, எது எந்த வரிசையில் இருக்கிறது என்று ரெஜிஸ்டரில் எழுதுவதுதான் என் வேலை. யார்டு மொட்டைத் தரையாகக் கிடந்தது. தண்ணீர்ப் பக்கமிருந்து காற்று அந்த வெறும் சிமெண்டுத் தரைமேல் வந்தது, தூசியை அள்ளிக்கொண்டு வருவது கண்ணுக்கே தெரிந்தது. என் கூண்டின் கதவைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. ரெஜிஸ்டர்மேல் நான் படுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் பின்னால் தெருவில் தகரச் சத்தம் கேட்டது.

எந்த உயரமான கட்டடத் தொகுதி? கிழக்கே எதுவுமே இல்லை.


ஜூன் 16

தங்கைக்கு,

மூன்று தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. அப்பாவிடம் கேட்கவும் தயக்கமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன், விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

யார்டு மொட்டைத் தரையாகக் கிடந்தது என்று எழுதியிருக்கிறாய். சரியாகச் சொல். முழுவதுமா? அங்கே கிடங்கு எதுவும் கட்டவில்லையா?

என் தரவில் அந்த இடத்தில் பதின்மூன்று மீட்டர் உயரம் இருக்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாக இல்லை. நீள நீளமாக, நெருக்கமாக, தொழிற்பேட்டைக் கட்டடங்கள் போல. நான் வீட்டில் இருந்தபோது அங்கே முள் புதர்தான் இருந்தது. புதிதாகக் கிடங்கு கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நாங்கள் வாங்கிய உயரத் தரவு முந்தைய வருடம் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை எடுத்தது. பல தடவை மேலே போய் எடுத்த அளவின் சராசரி. ஒரு தடவை தப்பாக வந்தால் மற்றது சரிசெய்துவிடும். எல்லாத் தடவையும் அங்கே பதின்மூன்று மீட்டர் இருந்திருக்கிறது. இல்லாத கட்டடத்தை ரேடார் பார்க்காது.

அந்த நான்கு மாதத்தில் யார்டில் என்ன இருந்தது என்று உனக்கு நினைவிருக்கிறதா? நீ எழுதும் ரெஜிஸ்டரில் இருக்குமா? பழையவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டார்களா?

படிப்பைப் பற்றி நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அதற்கு இப்போது பதில் எழுதத் தெரியவில்லை. எழுதாமல் விடுகிறேன் என்று நினைக்காதே.

போல்ட் கேள்வி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அப்பா ஏன் ஒரு மேடு விட்டு ஒரு மேட்டுக்குப் போட்டார்? உனக்குக் கோபம் வந்தாலும் அவரிடம் கேள்.

அக்கா


ஜூன் 21

அக்கா,

இரண்டுக்கும் பதில் இருக்கிறது. முதலில் பெட்டி.

பழைய ரெஜிஸ்டர்கள் விசில் அண்ணன் அறையில் பீரோவுக்குள் இருக்கின்றன. அவர் எங்கள் மேற்பார்வையாளர். கிரேன்காரர்களை விசிலிலேயே திட்டுவார், அதனால் அந்தப் பேர். ஒன்றரை வருடமாக அவர் சொல்வதற்கு நான் தலையை மட்டும்தான் ஆட்டியிருக்கிறேன். வியாழக்கிழமை அவர் முன்னால் போய் நின்று, “எனக்குப் பழைய ரெஜிஸ்டர் வேணும்” என்றேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

“அட, உனக்கு வாய் இருக்கா? நான் தலையாட்டி பொம்மைன்னுல்ல நினைச்சேன். எதுக்கு வேணும்?”

“எங்கப்பாவுக்கு.”

அதற்குமேல் கேட்கவில்லை. சாவியைக் கொடுத்தார்.

முந்தைய வருடம் ஜனவரியில் துறைமுகத்தில் வேலைநிறுத்தம். நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். உள்ளே வந்த பெட்டி எதுவும் வெளியே போகவில்லை. முதலில் இரண்டு அடுக்கு, பிறகு மூன்று. ஜனவரி 12-இல் ஒன்பது வரிசையும் ஐந்து அடுக்கு. இதற்குமேல் அடுக்க கிரேனுக்குக் கை எட்டாது. ஏப்ரல் 27 வரைக்கும் அப்படியே நின்றது. அன்றோடு வேலைநிறுத்தம் முடிந்தது, பதினாறு நாளில் யார்டு காலி. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட ஐந்து அடுக்கு வந்ததில்லை.

ஒரு பெட்டியின் உயரம் எட்டரை அடி. ஐந்து அடுக்கு நாற்பத்திரண்டரை அடி. மீட்டரில் போட்டுப் பார்த்தேன். பதின்மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் போட்ட கணக்கு, சரிபார்த்துக்கொள்.

அந்த நூற்றாறு நாள் பக்கங்களையும், கூரை பறந்த நாளின் பக்கத்தையும் கையால் நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். கூரை பறந்த நாள் இப்படி இருக்கிறது: முதல் வரிசை ஒரு அடுக்கு. மற்ற எட்டு வரிசை காலி.

நான் தினமும் எழுதி வைத்ததை உன் ஆகாயத்துக் கண் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. உன் தங்கை அந்த கேட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்று உனக்குத் தெரியும். ஒரு போன் போதும். ‘ம்’ என்றாவது சொல்லியிருப்பேன்.

இனி போல்ட்.

அப்பாவிடம் கேட்டேன். கேட்க எனக்கு இரண்டு நாள் ஆனது. அவர் சாமான் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏன் ஓரத்தில் ஒன்று விட்டு ஒன்று போட்டீர்கள் என்றேன். பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினார். மூடியின் உள்பக்கம் உன் வரைபடம் ஒட்டியிருந்தது. நகராட்சி அலுவலகச் சுவரில் பார்த்துவிட்டு, கேட்டு வாங்கி வந்திருக்கிறார். நம் தெருவைச் சுற்றிப் பென்சிலால் வட்டம். பக்கத்தில் அவர் கையெழுத்தில் ‘பச்சை. ஒன்று விட்டு ஒன்று போதும்’ என்று இருந்தது.

“தையல் கூடத்து முதலாளி ஓட்டை கூடக்கூட மழைக்கு ஒழுகுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நான் முடியாதுன்னுதான் சொல்லுவேன் எப்பவும். இந்தத் தடவை யோசிச்சேன். பெரியவ அளந்து போட்டிருக்கா, நம்ம தெருவுல காத்து குறைவுன்னு. அவ அளந்தா தப்பு இருக்குமா?”

இருபத்தெட்டு வருடம் அவர் யார் சொல்லியும் ஓரத்தில் ஒரு போல்ட்டைக் குறைத்ததில்லை. உன்னை நம்பிக் குறைத்தார். ஆனால் போட்டதை ஒழுங்காக முறுக்கியிருக்கிறார்.

“இது பெரியவளுக்குத் தெரியக் கூடாது. விசாரணையிலயும் சொல்லக் கூடாது. அவ வேலைக்கு வில்லங்கம் ஆயிடும். என்கிட்ட சத்தியம் பண்ணு” என்றார். நான் பண்ணவில்லை. பேசாத பிள்ளை தலையாட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

உனக்குத் தெரியட்டும். நன்றாகத் தெரியட்டும். அவர் கை தளர்ந்ததா என்று கேட்டாயே.


ஜூன் 25

தங்கைக்கு,

உன் பக்கங்கள் கிடைத்தன. கணக்கு சரி.

யார்டின் கட்டங்களில் பதின்மூன்றை எடுத்துவிட்டு நீ எழுதிய உயரத்தைப் போட்டு மறுபடி ஓட்டினேன். அன்றைக்கு நம் தெருவில் கூரை உயரத்தில் எண்பத்தெட்டு வந்திருக்க வேண்டும். நான் பச்சை போட்ட இடம் சிவப்பு. ஒன்று விட்டு ஒன்று போட்ட போல்ட் எவ்வளவு முறுக்கினாலும் அதற்குத் தாங்காது.

நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். சந்தேகமான கட்டங்களை நேரில் படம் எடுத்துச் சரிபார்க்க வேண்டும் என்று ஒரு பட்டியல் இருந்தது. முந்நூறு இடம். யார்டும் அதில் இருந்தது. ஆள் அனுப்ப வேண்டிய இடத்தில், ‘தெரிந்த இடம்’ என்று எழுதி டிக் போட்டது நான்தான். என் ஊர்தானே, எனக்குத் தெரியாதா என்று நினைத்தேன். மற்ற இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது இடத்துக்கும் ஆள் போனது.

மேலாளரிடம் போனேன். “ஒரு கட்டத்தைத் திருத்தினா நாளைக்கு நூறு பேர் வந்து நிப்பாங்க. அடுத்த பதிப்புல பார்த்துக்கலாம், ஆறு மாசம் பொறு. அதுவரைக்கும் வெளியில வாயைத் திறக்காத” என்றார். அனுமதியில்லாமல் பேசினால் வேலை போகலாம்.

நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். விசாரணையில் நீ கொடுத்துவிடு.

அப்பா மூடியில் ஒட்டி வைத்ததைப் பற்றி எழுத முடியவில்லை. மூன்று தாள் கிழித்துவிட்டேன்.


ஜூன் 29

அக்கா,

உன் காகிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன்.

பேச வராதவளிடம் கொடுத்துப் பேசச் சொல்கிறாய். தபாலில் வந்த காகிதத்தைப் பொறியாளர் ஃபைலுக்கு அடியில் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். நீ அங்கேயே உட்கார்ந்துகொண்டு, நாங்கள் இங்கே நிற்க வேண்டும். எப்போதும் இப்படித்தான்.

ஜூலை 4, காலை பத்து மணி. நகராட்சிக் கட்டடம், இரண்டாவது மாடி. உனக்குத் தெரிந்த இடம்தானே, வந்து சேர்.


ஜூலை 5

தங்கைக்கு,

பேருந்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

வந்தேன். நீ சொன்ன இடத்தில் நின்றேன். பதின்மூன்று மீட்டரைச் சொன்னேன், டிக் போட்டதைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன். அப்புறம் அப்பா எழுந்தார்.

“அவ பொய் சொல்றா சார். அவ என் பொண்ணு, என்னைக் காப்பாத்த வந்திருக்கா. வரைபடத்துல தப்பு இல்ல. நான்தான் போல்ட்டை ஒழுங்கா முறுக்கல.”

பொறியாளர் அதை எழுதிக்கொண்டார். நான் சொன்ன எதையும் அவர் எழுதவில்லை, கவனித்தாயா? மகள் என்று தெரிந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டார். அப்பா என் முகத்தையே பார்க்கவில்லை. மூன்று வருடம் கழித்து நேரில் பார்க்கிறோம், என்னைப் பொய்க்காரி என்றார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

உன்மேலும் எனக்குக் கோபம். நீ மடியில் ரெஜிஸ்டரை வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாய். எல்லாம் உனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. என்னை வா வா என்று இழுத்துவிட்டு நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

நாளை அலுவலகத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அது போகட்டும். அப்பாவின் உரிமம் போய்விட்டதா என்று மட்டும் எழுது.

அக்கா


ஜூலை 11

அக்கா,

நீ கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாய். முழுக்கப் பார்க்காமல் போவது உன் பழக்கம். நீ போன பிறகு நடந்ததைக் கேள்.

வேறு யாராவது சொல்ல வேண்டுமா என்று விசாரணை அதிகாரி கேட்டார். கேட்டுக்கொண்டே ஃபைலைக் கட்டினார். நான் எழுந்தேன். ஒன்பதாம் வகுப்பில் ஆனது மாதிரியே குரல் வரவில்லை. எல்லாரும் பார்த்தார்கள். பேச முடியாது என்று தெரிந்துவிட்டது. அதனால் ரெஜிஸ்டரைத் திறந்து வாசித்தேன்.

ஜனவரி 12. முதல் வரிசை ஐந்து அடுக்கு. இரண்டாவது வரிசை ஐந்து அடுக்கு. மூன்றாவது வரிசை ஐந்து அடுக்கு.

“என்னம்மா படிக்கிற?” என்றார் அதிகாரி. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க வராது. ஜனவரி 13 வாசித்தேன், 14 வாசித்தேன். பொறியாளர் போதும் போதும் என்றார். பின்னாலிருந்து காஜா அக்கா, கட்டுப் போட்ட கையோடு, “அவ படிக்கட்டும் சார். உங்க வரைபடத்தை நீங்க விரிச்சப்ப நாங்க குறுக்க பேசினோமா?” என்றார். ஜனவரி முழுவதையும் வாசித்தேன். பிறகு மே 15-க்குப் போனேன். இரண்டாவது வரிசை காலி. மூன்றாவது வரிசை காலி. ஒன்பதாவது வரைக்கும் காலி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

சாமான் பெட்டி மூடியிலிருந்து உரித்துக்கொண்டு வந்த வரைபடத்தை அதிகாரி மேசையில் வைத்தேன். அப்பாவின் பென்சில் எழுத்தைப் படித்துவிட்டு, “இது யார் எழுதினது?” என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்த பார்வை, நான் அவரைக் கை நீட்டி அடித்துவிட்டது மாதிரி இருந்தது.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. “நான் ஏறிப் பார்த்தேன். போல்ட் இன்னும் சட்டத்துலயே இருக்கு. நட்டுகூடக் கழறல. தகரம்தான் ஓட்டையோட கிழிஞ்சு போயிருக்கு. முறுக்காம விட்டிருந்தா போல்ட்டுல்ல போயிருக்கணும். நீங்க யாருமே மேல ஏறிப் பார்க்கல” என்றேன். அவ்வளவும் நான்தான் பேசினேன்.

மதியம் எல்லாரும் தையல் கூடத்துக்கு வந்தார்கள். பொறியாளர் முதல் முறையாக ஏணியில் ஏறினார். அறுபத்திரண்டு போல்ட், அறுபத்திரண்டும் அதனதன் இடத்தில் இருந்தது. ஒன்றை ஸ்பேனர் போட்டுக் கழற்றிப் பார்த்தார், அவரால் முடியவில்லை. அப்பா கீழே நின்று தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்சம் சிரித்தார் என்று நினைக்கிறேன், நிச்சயமாகத் தெரியவில்லை.

உரிமம் போகவில்லை. யார்டைச் சுற்றியுள்ள தெருக்களுக்கு உன் வரைபடம் இனி செல்லாது என்று எழுதிவிட்டார்கள். நீ சொன்னதையும் கடைசியில் எழுதிக்கொண்டார்கள். அதனால் உன் வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அது போகக் கூடாது என்று நினைக்கிறேன். ஆனால் அதற்காக வாசிக்காமல் இருந்திருக்க மாட்டேன்.

அப்பா ஐந்து நாள் என்னோடு பேசவில்லை. நேற்றுக் காலை வேறொரு கூரை வேலைக்குப் போகும்போது, படியில் நின்று செருப்பைப் போட்டுக்கொண்டே, “இன்னைக்கு யார்டுல எத்தனை அடுக்கு?” என்று கேட்டார். என்னிடம் அப்பா எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. சொன்னேன். “அப்ப ஒவ்வொரு மேட்டுக்கும் போட்டுடறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். இன்றும் கேட்டார். பெட்டி மூடியில் ஒட்டியிருந்த இடம் சதுரமாக வெளுத்திருக்கிறது.

உன்னைப் பற்றிப் பேசவில்லை. நீ ஊருக்கு வந்து, வீட்டுக்கு வராமல் போனதை மட்டும் ஒரு தடவை சொன்னார். “பஸ் ஸ்டாண்டுல இருந்து பத்து நிமிஷம்” என்றார்.

காஜா அக்காவுக்குக் கட்டு பிரித்துவிட்டார்கள். விரல் மடங்கவில்லை. தையல் கூடத்தில் அவருக்குத் துணி எண்ணும் வேலை கொடுத்திருக்கிறார்கள். இங்கேயும் முன்பு வேறு இடத்திலுமாகப் பத்து வருடம் காஜா அடித்தவர். உன் காகிதத்தில் இருந்ததை எல்லாம் அவரிடம் சொன்னேன், டிக் போட்டதையும் சொன்னேன். எண்ணிக்கொண்டிருந்த துணிக் கட்டை முடித்து ஓரமாக வைத்தார். பிறகு சொன்னார்:

“மன்னிப்பு லெட்டர் எல்லாம் எனக்கு வேணாம். உங்கக்காவை ஒரு தடவை நேர்ல வந்து இந்தக் கையைப் பார்க்கச் சொல்லு.”

சொல்லிவிட்டேன். உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. இந்தக் கடிதத்தில் குறையும் என்று பார்த்தேன், குறையவில்லை. நீ வரும் வரைக்கும் வாரத்துக்கு ஒரு கடிதம் இப்படி வரும், எழுதி வைத்துக்கொள்.

இன்று, ஜூலை 11, காலை எட்டு மணி. முதல் வரிசை இரண்டு அடுக்கு. இரண்டாவது வரிசை ஒரு அடுக்கு. மூன்றிலிருந்து ஒன்பது வரை காலி. காற்று கிழக்கிலிருந்து வருகிறது.

ரேடியோ